குயிலியை எத்தனை தடவை எரிப்பது?

வரலாற்று நாடகம் என்ற பேரில் தமிழ் மேடையில் ஏறிய எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்கு வாள். ராணிக்கு வசனம். ராணிக்குப் பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்கிற பெண்ணுக்கு 'தேவி', 'அம்மா', 'ஐயோ' என்று மூன்று வார்த்தை. பல நாடகங்களில் அவளுக்குப் பேர்கூட இருக்காது. நோட்டீசில் 'தோழி' என்று போட்டிருப்பார்கள். அதிகாரம் கைமாறுகிற ராத்திரியில் கதவைத் திறந்துவிடுகிறவள் அவள். ஓலை கொண்டுபோகிறவள் அவள். பிடிபட்டால் அடி வாங்குகிறவளும் அவள்தான். விடிந்ததும் முடி சூட்டிக்கொள்கிறவர்கள் வேறு ஆட்கள்.

இதையெல்லாம் நாம் கண்டிக்காமல் இல்லை. ஆண்ட பரம்பரைப் பெருமை, மன்னர் புராணம் என்று எழுதித் தள்ளியிருக்கிறோம். ஆனால் நான் இப்போது பேச வந்தது அவர்கள் மேடையைப் பற்றியல்ல, நம் மேடையைப் பற்றி. ஏப்ரல் 14 நெருங்கினால் விடுதி மாணவர்களும் சேரி இளைஞர்களும் குயிலி நாடகம் போடுகிறார்கள். போட வேண்டியதுதான். கடைசிக் காட்சியில் விளக்கை அணைத்து, சிவப்புத் தாளை ஆட்டி, பறையை உச்சத்தில் அடித்து, பிள்ளை தீக்குள் குதிக்கிறாள். கைதட்டல் கூரையைப் பிய்க்கிறது. என் ஆட்சேபணை அந்தக் கைதட்டல் மேல்தான்.

கதை எல்லோருக்கும் தெரியும் என்றாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையால் கொல்லப்படுகிறார். ராணி வேலுநாச்சியார் தப்பி வருகிறார். வந்து தங்கியது எங்கே? எங்கள் பேத்துப்பாறை இருக்கிற இந்த மலையின் வடக்கு அடிவாரத்தில், ஒட்டன்சத்திரம் - பழனி சாலையில் இருக்கிற விருப்பாச்சியில், கோபால நாயக்கர் பாளையத்தில். ஏறக்குறைய எட்டு வருசம். ஹைதர் அலியின் உதவியோடு படை திரட்டி 1780இல் சிவகங்கையை மீட்கிறார். அந்தப் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை குயிலி. விஜயதசமி அன்று பூக்கூடைக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு அரண்மனைக் கோயிலுக்குள் பெண்கள் நுழைந்தார்கள். குயிலி உடம்பில் நெய்யை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தாள் என்று சொல்கிறது வாய்மொழி.

வாய்மொழி என்றுதான் சொல்கிறேன். அது குறையல்ல. நாச்சியார் பற்றி எழுத ஓலை இருந்தது, எழுத்தர் இருந்தார். 2008இல் தபால்தலையும் வந்தது. குயிலியைப் பற்றி எழுத எவன் ஓலை கிழித்தான்? சனங்களின் வாய்தான் அவளை இருநூறு வருசத்துக்கு மேல் சுமந்து வந்தது. அருந்ததியர் இயக்கங்கள் அவளைத் தங்கள் தாயாகக் கொண்டாடத் தொடங்கிய பிறகுதான் மேடைகளில் அவள் பேர் உரக்கக் கேட்டது. இன்று சிவகங்கையில் நாச்சியார் நினைவு வளாகத்திலேயே அவளுக்கும் நினைவுச்சின்னம் இருக்கிறது. இது நம் போராட்டம் ஈட்டிய இடம். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

நான் கேட்பது வேறு. வரலாற்று நாடகம் கீழே இருக்கிற பெண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கிற அதே வேசத்தைத்தான் நாமும் குயிலிக்குக் கொடுக்கிறோமா?

அந்த வேசம் என்ன என்று பார்க்கப் பழைய பிரதிகளுக்குப் போக வேண்டும். இந்த மலையிலிருந்தே தொடங்கலாம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இந்தக் குளிரில் வாழ்கிறவர்களுக்குப் போர்வையின் அருமை தெரியும். அதனால் வள்ளல் என்று நம்பியும் விட்டோம். அதே பேகன் பெண்டாட்டியைத் தள்ளி வைத்தவன் என்பதைப் பாடப்புத்தகம் சொன்னதில்லை. அவள் பேர் கண்ணகி. புறநானூற்றில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காகப் பேகனிடம் மன்றாடுகிறார்கள். நான்கும் ஆண்கள். அவள் சொன்னதாக ஒரு பாட்டு இல்லை. அரசன் மனைவிக்கே இந்தக் கதி என்றால், அவள் வீட்டில் தண்ணி தூக்கினவளுக்கு என்ன இருந்திருக்கும்?

இன்னொரு கண்ணகிக்கு வருவோம். சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகம் தொடங்கி 1964இல் வந்த பூம்புகார் படம் வரை, அரசனை எதிர்த்துக் கேள்வி கேட்ட பெண் என்று அவளைக் கொண்டாடியிருக்கிறார்கள். கேட்டாள், உண்மைதான். சபைக்குள் தனியாகப் போய்ச் சிலம்பை உடைத்துக் காட்டி ஒரு ராஜாவைச் சாகடித்தாள். ஆனால் அந்த நியாயத்துக்கு யார் விலை கொடுத்தது? அவளுக்கு அடைக்கலம் கொடுத்த ஆயர்பாடிக் கிழவி மாதரி, நம்பி ஒப்படைத்ததைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்து செத்தாள் என்கிறது சிலப்பதிகாரம். தன் கூரையைக் கொடுத்தவள், மோர் கொடுத்தவள், குற்றம் ஒன்றும் செய்யாதவள். அதுகூடப் பரவாயில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் அவள் கோபத்தைத் தணிக்க ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று அதே காப்பியத்தின் முன்பகுதி சொல்கிறது. ஒரு தட்டான் செய்த களவுக்கு ஆயிரம் தட்டார் தலை. எந்த மேடையிலாவது அந்த ஆயிரம் பேரின் பெண்டாட்டிகள் வந்து ஒப்பாரி வைத்ததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. நகரத்தை எரிக்கும்போதும் பார்ப்பாரை விடு, பசுவை விடு என்று பட்டியல் போட்ட தீ அது. அந்த விதிவிலக்குப் பட்டியலில் உழைக்கிற சாதி எதுவும் இல்லை.

பிறகு மலைக்கு வருகிறாள். வேங்கை மரத்தடியில் அவளை முதலில் கண்டதும், தெய்வமென்று குரவையாடியதும் குன்றக்குறவர்கள். அவர்கள் போய்ச் சேரன் செங்குட்டுவனிடம் சொன்ன மாத்திரத்தில் கதை அவர்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதற்கப்புறம் இமயத்துக் கல், கனகவிசயர் தலை, அரசனின் வெற்றி விழா. மலைச்சனம் கண்ட பெண் ராஜாவின் பத்தினித் தெய்வமாகிவிட்டாள்.

இப்போது நாடகம் என்றே எழுதப்பட்ட ஒன்று. 1891இல் சுந்தரம் பிள்ளை எழுதிய மனோன்மணீயம். தமிழ்த்தாய் வாழ்த்து இதன் முகப்பிலிருந்துதான் வந்தது. அதனால் அரசு விழாவில் எழுந்து நிற்கிற எல்லோருக்கும் இதன் பேர் தெரியும், கதை தெரிந்தவர்கள் குறைவு. பாண்டியன் மகள் மனோன்மணி கனவில் கண்ட சேரனை நினைத்து உருகுகிறாள். அப்பன் நெருக்கடியில் மாட்டிக்கொண்டதும், சூழ்ச்சிக்கார மந்திரி குடிலன் மகனைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறாள். அவள் தோழி வாணிக்கும் அதே பலதேவனைக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். ராஜாவே கூப்பிட்டுச் சொல்கிறான். முடியாது என்கிறாள் வாணி. கவனியுங்கள்: நாட்டுக்கு இளவரசி சரி என்கிறாள், தோழி முடியாது என்கிறாள். அதிகாரத்துக்கு முன்னால் வாய் திறந்து மறுத்தவள் நாடகத்தின் பேராக இல்லை. இத்தனைக்கும் வாணி ஒன்றும் சேரிப் பெண்ணல்ல, அரசாங்க உத்தியோகக் குடும்பத்துப் பெண்தான். அவளுக்குக் கீழே செவிலி என்று ஒருத்தி வந்து போகிறாள். அவளுக்கும் கீழே இருக்கிறவள் மேடைக்கே வரவில்லை.

அரு. ராமநாதன் எழுதி டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த ராஜராஜ சோழன், 1973இல் சினிமாவாகவும் வந்தது. அதில் சோழன் மகள் குந்தவைக்கும் வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கும் காதல். வரலாற்றில் அது இரண்டு அரசுகளை முடிச்சுப் போட்ட கல்யாணம். பெண்ணைக் கொடுத்து நாட்டைக் கட்டுகிற ஏற்பாட்டை மேடை காதலாக்கித் தருகிறது. அது ஒரு பக்கம். அதே ராஜராஜனின் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் விவரம் வெட்டியிருக்கிறது. எந்தக் கோயிலிலிருந்து பிடித்து வந்தது, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல் என்று கணக்கு. அவன் காலத்துக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. நானூறு பெண்களின் பேர் கல்லில் கிடக்க, அதிலிருந்து ஒருத்திக்கு ஒரு வரி வசனம் எழுத எந்த நாடகாசிரியனுக்கும் தோன்றவில்லை.

தமிழ் மேடைக்கு மட்டும் பிடித்த நோய் இல்லை இது. ஷேக்ஸ்பியரின் கிளியோபாத்ரா விசப்பாம்பை வைத்துக்கொண்டு ராணியாகவே சாகிறாள். அவளோடு அய்ராஸ், சார்மியன் என்று இரண்டு பணிப்பெண்களும் சாகிறார்கள். செத்த ராணியின் கிரீடம் சாய்ந்திருக்கிறது, அதை நேராக்கி வைத்துவிட்டுத்தான் சார்மியன் சாகிறாள். உலகமே அதை அழகு என்று சொல்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. நான்காம் ஹென்றி இரண்டாம் பாகத்தின் கடைசியில், ஊதாரி இளவரசன் திருந்தி ராஜாவாகிற நேரத்தில், அவன் கூட்டாளிகள் குடித்துக் கிடந்த சாராயக்கடைக்காரியையும் டால் என்கிற வேசியையும் சேவகர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். புது ஆட்சியின் முதல் காரியம் ஏழைப் பொம்பளைகளை உள்ளே தள்ளுவது. ஷேக்ஸ்பியராவது அதை மேடையில் காட்டினார்.

சரி, இதெல்லாம் அவர்கள் கதை. நம் கதை என்று நாம் சொல்கிற மதுரை வீரனைப் பார்ப்போம். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், பாளையக்காரன் மகள் பொம்மியைத் தூக்கிக்கொண்டு போனவன், திருமலை நாயக்கர் அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளை விரும்பினவன். மாறுகால் மாறுகை வாங்கிக் கொன்றார்கள். இரண்டு பெண்களும் அவனோடு செத்துத் தெய்வமானார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தில் வீரன் ராஜா பெற்ற பிள்ளை. அவனை எடுத்து வளர்த்த சக்கிலியத் தாயாக நடித்தது டி.ஏ. மதுரம், கூட என்.எஸ். கிருஷ்ணன். அதாவது நம் ஆத்தா சிரிப்புக் காட்டுகிற பாத்திரம். பிள்ளையை வளர்த்தவள், செருப்புத் தைத்துச் சோறு போட்டவள், அவன் செத்த பிறகு என்ன ஆனாள்? அவளுக்குக் கோயிலில் பீடம் இருக்கிறதா?

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால் மேடை நம் பெண்களுக்கு ஒதுக்கியது இரண்டே வேலை என்று தெரியும். ஒன்று, சிரிப்பு மூட்டு. இல்லையென்றால் மேலே இருக்கிறவளுக்காகச் சாவு. வடக்கே ஜான்சியிலும் இதுதான். கோரி சாதிப் பெண் ஜல்காரிபாய், 1858 முற்றுகையில் ராணி லட்சுமிபாய் போல உடை உடுத்தி வெள்ளைக்காரனை ஏமாற்றினாள், ராணி தப்பித்தாள் என்பது கதை. 2001இல் அவளுக்கும் தபால்தலை வந்தது. அங்கே இருக்கிற தலித் அமைப்புகள் அவளைப் பெரிய அடையாளமாக வளர்த்தார்கள். ஆனால் ராணியின் துணியைப் போட்டுக்கொண்ட நேரம்தான் அவளுக்கு வரலாறு. அவள் சொந்தத் துணியில் இருந்த காலமெல்லாம் கணக்கில் இல்லை.

குயிலிக்கு வருகிறேன். சொல்லப்படுகிற கதையில் தீக்கு முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது. நம்மில் பலர் அதை இரண்டு நிமிசத்தில் தாண்டிவிடுகிறோம். சிலம்பம் கற்றுக்கொடுத்த வாத்தியாரே எதிரிக்கு உளவாளி. அவன் ஒரு கடிதத்தைக் குயிலியிடம் கொடுத்து இன்னாரிடம் சேர்த்துவிடு என்கிறான். அவள் அதைப் படித்துவிடுகிறாள். துரோகம் புரிகிறது. அன்று ராத்திரியே அவன் கதையை முடிக்கிறாள்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு. எழுத்து நமக்கு மறுக்கப்பட்ட காலம். கடிதத்தைச் சுமக்க மட்டும்தான் இவள், படிக்க இவளால் ஆகாது என்று ஒருத்தன் நம்பி அவள் கையில் கொடுக்கிறான். அவள் படித்துவிடுகிறாள். இதைவிடப் பெரிய கலகம் அந்தக் கதையில் எது? யாரிடம் கற்றாள்? எப்படி ஒளித்து வைத்திருந்தாள் அந்தப் படிப்பை? படித்த பிறகு ராணியிடம் ஓடினாளா, தானே முடிவெடுத்தாளா? வாத்தியார் என்ற மரியாதையை எப்படி உதறினாள்? ஒரு முழு ராத்திரி நாடகம் அந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. நாமோ தீப்பெட்டியைத் தேடிக்கொண்டு இருக்கிறோம்.

அதிகாரத்துக்கு நடுவில் கீழே இருக்கிற பெண் பிழைப்பதும் எதிர்ப்பதும் அறிவால். எந்த வாசலுக்குக் காவல் மாறுகிற நேரம் எது, எந்தக் கூடையைச் சோதிக்க மாட்டான், எந்த ஐயா எந்த ஐயாவோடு பேச்சுவார்த்தை இல்லை, கிடங்குச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது, இதெல்லாம் ராணிக்குத் தெரியாது. கூட்டிப் பெருக்குகிறவளுக்குத் தெரியும். பூக்கூடை யோசனை அரண்மனையில் பிறந்திருக்காது. பூ விற்கிறவள் கூடையை எவனும் தொட மாட்டான் என்பதைத் தெரிந்தவள் மூளையில்தான் பிறந்திருக்கும். தீண்டாமையையே மறைப்பாக்கி உள்ளே நுழைந்த மூளை அது என்று நான் வாசிக்கிறேன்.

பகலெல்லாம் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கடிதம் பெரிதாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. குழுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவள் ஒருத்தி. அதைப் படித்துச் சொல்கிறவன் ஒருத்தன். அவன் எதை விட்டுவிட்டுப் படித்தான் என்பது தவணை கட்ட வரும்போதுதான் அவளுக்குத் தெரியும். 'அவரு ஒண்ணும் சொல்லலியே தாயி' என்பாள். படிக்கிறவன் கையில்தான் இன்றைக்கும் சாவி இருக்கிறது.

இப்போது சில தோழர்கள் கேட்பார்கள்: 'தியாகத்தைக் கொண்டாடாமல் இயக்கம் எப்படி வளரும்? எல்லாச் சாதிக்காரனும் வீரன், வீராங்கனை என்று சிலை வைக்கும்போது நாம் மட்டும் தீக்காட்சியை வெட்டிவிட்டுக் கடிதம் படித்துக்கொண்டிருப்பதா?'

நியாயமான கேள்விதான். சிலை வேண்டும், பேர் வேண்டும், திருவிழா வேண்டும். ஆனால் தீ நமக்கு உவமை இல்லை தோழர். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். அரைப்படி நெல் கூலி அதிகம் கேட்டதற்கு. அவர்கள் யாரும் பாய்ந்து குதிக்கவில்லை, வெளியே ஓடி வரத்தான் பார்த்தார்கள். தீ வைத்தவன் வேறு. நம் பெண் தானே விரும்பி எரிகிறாள் என்று மேடையில் திரும்பத் திரும்பக் காட்டினால், எரித்தவன் முகம் மெல்ல மறைந்துபோகும். எரிவது நம் சுபாவம் என்றாகிவிடும். குயிலி தன் முடிவைத் தானே எடுத்தாள் என்றால், அந்த முடிவுக்கு வந்த வழியைக் காட்டுங்கள். வழியைக் காட்டாமல் தீயை மட்டும் காட்டினால் அது உடன்கட்டைதான். புருசன் இடத்தில் ராணி, அவ்வளவே வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மேடையில் குயிலிக்கு மாலை போடுகிற நம் கூட்டங்களில் கும்மிக்கும் கொடி பிடிக்கவும் சோறாக்கவும் பெண்கள் இருக்கிறார்கள். தீர்மானம் எழுதுகிற நோட்டு யார் கையில் இருக்கிறது? வசூல் கணக்கு யாருக்குத் தெரியும்? போலீஸ் ஸ்டேசனுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகிற ஐந்து பேரில் பெண் எத்தனை? மறியலில் முன்வரிசைக்கு மட்டும் 'அக்கா, நீங்க முன்னால வாங்க' என்கிறோம். அது குயிலிக்குக் கொடுத்த அதே வேசம்.

வெறும் குறை சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. ஔவை என்றால் டி.கே. சண்முகம் வேசம் கட்டிய கிழவி, 1953 படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடிய கிழவி என்றுதான் தமிழ்நாடு நம்பியது. கவிஞர் இன்குலாப் 'ஔவை' நாடகத்தை எழுத, அ. மங்கை அதை 1990களின் கடைசியில் மேடையேற்றினார். சங்க காலத்து ஔவை கூன் விழுந்த நீதிக்கிழவி இல்லை, யாழோடு ஊர் சுற்றிய பாணர்குடிப் பெண், அதியமானோடு உட்கார்ந்து கள் குடித்தவள் என்று அந்த நாடகம் நினைவூட்டியது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவளும் அவள்தான். அவன் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டியபோது, உன் வேலெல்லாம் நெய் பூசிப் பளபளவென்று இருக்கிறது, எங்காள் வேல் எல்லாம் சண்டையில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று புகழ்வது போலவே குத்திவிட்டு வந்தாள். ஒரு பாணர் பெண் ராஜாவின் கொட்டிலுக்குள் நின்று ராஜாவையே மட்டம் தட்டிவிட்டு உயிரோடு வெளியே வருகிறாள். அதிகாரத்தோடு புழங்குவது என்றால் இது.

வடிவமும் நம் கையில் இருக்கிறது. மலைத் திருவிழாவுக்குக் கீழேயிருந்து ஸ்பெஷல் நாடக செட்டைக் கூட்டி வந்து வள்ளி திருமணம் வைப்பார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய சனம் உட்கார்ந்திருப்பது எதற்கு? முருகனுக்காக இல்லை. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்துக்கு. ஒத்திகை கிடையாது, ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தனித்தனியாகப் பேசி வரவழைக்கப்பட்டவர்கள், மேடையில்தான் சந்திக்கிறார்கள். ஸ்திரீபார்ட் போடுகிற அம்மா கேள்விக்குக் கேள்வி போட்டு எதிராளியை மடக்குவார். அவரைப் பகலில் இந்தச் சமூகம் என்ன பேர் சொல்லிக் கூப்பிடும் என்பது நமக்குத் தெரியும். ராத்திரி மேடையில் வாதாடி ஜெயிக்கிறவர் அவர்தான்.

அந்தத் தர்க்கத்தை எடுங்கள். விருப்பாச்சியில் எட்டு வருசம். ஒரு பக்கம் நாச்சியார், மறுபக்கம் குயிலி. குயிலி கேட்கட்டும்: 'நாச்சியாரே, கோட்டையை மீட்டுத் தர்றோம். மீட்ட பிறகு எங்க சனத்துக்கு எத்தனை குழி நெலம்? எங்க தெரு எந்தப் பக்கம்? கோயில் வாசலுக்குள்ள பூக்கூடையோட நொழஞ்சோமே, அடுத்த வருசம் கூடை இல்லாம நொழையலாமா?' நாச்சியார் பதில் சொல்லட்டும். அவரை வில்லியாக்கத் தேவையில்லை. புருசனை இழந்து, மகளோடு அடுத்தவன் பாளையத்தில் ஒண்டிக்கொண்டு, ஆண்கள் நிறைந்த சபையில் படை கேட்டு நின்ற பெண் அவர். அவருக்கும் பதில் சொல்ல முடியாத கேள்வி இது என்பதே நாடகம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த உடையாள், ராணி போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்டாளே, அவளுக்காக நாச்சியார் தாலியைக் காணிக்கை வைத்ததாகக் கொல்லங்குடியில் சொல்கிறார்கள். காணிக்கை சரி, உடையாளின் ஆத்தாளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று யாராவது ஒருத்தி மேடையில் கேட்க வேண்டாமா?

வசனம் எழுதுகிற வேலையை விடுதியில் நன்றாக எழுதுகிற பையனிடம் விடாதீர்கள். பெண்கள் விடுதியில் கொடுங்கள். சேரிக் கிழவிகளை உட்காரவைத்து, பண்ணையார் வீட்டுக் கொல்லைக் கதவு எப்போது திறக்கும், யாருக்குத் திறக்கும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதில் பாதியை அப்படியே எடுத்து வைத்தால் போதும்.

இந்த ஏப்ரலுக்கு நாடகம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சிவப்புத் தாளை ஒரு வருசம் பரணில் போட்டு வையுங்கள். குயிலியாக நடிக்கிற பிள்ளை கையில் அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். அவள் அதைப் பிரிக்கட்டும், எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கட்டும். சனம் எப்போது கைதட்டுகிறது என்று பார்ப்போம்.